மருந்தும் மனச்சான்றும்

மனிதன் செய்யும் செயலுக்கு மனிதனே பொறுப்பு என்பது அறநெறியின் அரிச்சுவடி. வீட்டிலும் பள்ளியிலும் நீதிமன்றத்திலும் இந்த அடிப்படையில்தான் நாம் ஒருவரையொருவர் பாராட்டுகிறோம், கண்டிக்கிறோம், மன்னிக்கிறோம். ஆனால் மூச்சுத் திணறலுக்காக ஒருவர் விழுங்கும் சிறு மாத்திரை, அவருடைய நுரையீரலைத் தொடுவதோடு நில்லாமல் அவருடைய உள்ளத்தையும் தொட்டுவிடுமானால்? உறக்கத்தைக் குலைத்து, காரணமற்ற அச்சத்தையும் எரிச்சலையும் ஊட்டிவிடுமானால்? அப்போது சினந்தவர் யார்? அவரா, மருந்தா? மருத்துவர்கள் மட்டும் ஆராய்ந்து விடை கூற வேண்டிய கேள்வி என்று இதை ஒதுக்கிவிட முடியாது. நம் இல்லங்களில் நாள்தோறும் வழங்கப்படும் தீர்ப்புகளைப் பற்றிய கேள்வி இது. எனவே நம் அனைவரின் மனச்சான்றையும் சேர்ந்த கேள்வி.

ஈளைநோயை நம்மில் அறியாதார் இலர். மூச்சுக் குழாய்களின் உட்புறம் வீங்கி, அவற்றைச் சுற்றியுள்ள தசைகள் இறுகி, சளி தேங்கி, உள்ளே சென்ற காற்று வெளியேற வழியின்றித் தவிக்கும் நிலை அது. 'இழுப்பு' என்று நம் ஊர்களில் வழங்கும் சொல் அந்த வேதனையைச் சரியாகவே காட்டுகிறது. தலையணைகளை அடுக்கிச் சுவரில் சாய்ந்து, விடியலை எதிர்பார்த்து அமர்ந்திருந்த முதியவர்களை நாம் கண்டிருக்கிறோம். 1969-இல் சல்பியூட்டமாலும், 1972-இல் உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு மருந்தும் பயன்பாட்டுக்கு வந்தபின் அத்தகைய இரவுகள் குறைந்தன. எண்ணற்ற உயிர்கள் காக்கப்பட்டன. இந்த நன்றியை முதலில் சொல்லிவிட்டே மேலே செல்ல வேண்டும். ஏனெனில் மருந்தின் தீமையைப் பேசும் வாய் பல வேளைகளில் அதன் நன்மையை மறந்துவிடுகிறது.

ஆயினும், உடலுக்குள் செல்லும் எந்தப் பொருளும் நாம் குறித்துக் கொடுத்த இடத்தில் மட்டும் வேலை செய்துவிட்டு அடங்கிவிடுவதில்லை. ஈளைநோய்க்கு நெடுங்காலம் வழங்கப்பட்டுவரும் தியோபிலினை எடுத்துக்கொள்வோம். 1888-இல் ஆல்பிரெக்ட் கோசெல் என்னும் ஜெர்மானிய அறிஞர் தேயிலையிலிருந்து பிரித்தெடுத்த பொருள் அது. காப்பியில் உள்ள கஃபீனுக்கு நெருங்கிய உறவு. மூச்சுக் குழாயை விரிக்கும் அதே மருந்து உறக்கத்தைக் கெடுத்து, மன அமைதியையும் குலைக்கக்கூடும். சல்பியூட்டமாலோ கைகளை நடுங்கச் செய்யும்; நெஞ்சைப் படபடக்க வைக்கும். நெஞ்சு படபடத்தால், அஞ்சுவதற்கு ஒன்றுமில்லாதபோதும் மனம் அச்சத்தை உணரத் தொடங்குகிறது.

ஸ்டீராய்டு மருந்துகளின் வரலாறு இதனினும் வியப்பானது. 1948-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் பிலிப் ஹென்ச் என்பவர், மூட்டுவாதத்தால் முடங்கிய ஒரு நோயாளிக்குக் கார்ட்டிசோனைச் செலுத்தினார். சில நாள்களில் அந்நோயாளி நடமாடத் தொடங்கினார். 1950-இல் ஹென்ச்சுக்கும் அவர்தம் துறையினர் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அதே காலத்திலேயே மருத்துவர்கள் வேறொன்றையும் கண்டனர். இம்மருந்தை உட்கொண்ட சிலர் அளவுகடந்த உற்சாகம் கொண்டனர். சிலர் உறக்கம் இழந்தனர். சிலர் இல்லாததை இருப்பதாகக் கண்டனர். மருத்துவமனை நோயாளிகளிடையே பாஸ்டனில் நடத்தப்பட்டு 1972-இல் வெளியான ஓர் ஆய்வு இதனை எண்களில் காட்டியது. நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் அல்லது அதற்குக் குறைவாகப் பிரெட்னிசோன் பெற்றவர்களில் 1.3 விழுக்காட்டினருக்கு மனநலக் கோளாறு தோன்றியது. 80 மில்லிகிராமுக்கு மேல் பெற்றவர்களில் அது 18.4 விழுக்காடு. அளவு கூடக் கூட உள்ளத்தின் ஆட்டமும் கூடியது. கடுமையான இழுப்பில் மாத்திரையாக வழங்கப்படும் பிரெட்னிசோலோன் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. இன்ஹேலர் வழியே செல்லும் ஸ்டீராய்டு மிகச் சிறிய அளவினது; அதில் இந்த அபாயம் வெகு குறைவு.

இறுதியாக மாண்டெலுகாஸ்ட். மூச்சுக் குழாயை வீங்கச் செய்யும் லூக்கோட்ரையீன் என்னும் பொருள்களின் வேலையைத் தடுக்கும் மாத்திரை இது. 1998-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இன்ஹேலர் பிடிக்கத் தெரியாத குழந்தையும் மென்று விழுங்கலாம் என்பதால் பெற்றோருக்கு இது பெரும் ஆறுதலாயிற்று. பின்னர், கெட்ட கனவு, எரிச்சல், முரட்டுத்தனம், தூக்கத்தில் நடத்தல், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் ஆகியவை சிலரிடம் தோன்றுவதாகச் செய்திகள் வந்தன. 2009-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இம்மருந்தின் குறிப்பேட்டில் முன்னெச்சரிக்கை சேர்க்கச் செய்தது. 2020 மார்ச்சில் தன்னிடமுள்ள மிகக் கடுமையான எச்சரிக்கையாகிய கட்டமிட்ட எச்சரிக்கையைப் பொறிக்க ஆணையிட்டது. அதற்கு அந்நிர்வாகம் கூறிய காரணங்களுள் ஒன்று நம்மைச் சிந்திக்க வைப்பது: முந்திய எச்சரிக்கைகள் இருந்தும், மருத்துவத் துறையினரிலும் நோயாளிகளிலும் பலர் இந்த அபாயத்தை அறியாதிருந்தனர்!

நேர்மையாகப் பேசுவோர் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அதே நிர்வாகம் நடத்திய பெரிய ஒப்பீட்டாய்வில், மாண்டெலுகாஸ்ட் பெற்றோருக்கும் உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு பெற்றோருக்கும் இடையே, மருத்துவமனையில் சேர்க்கும் அளவிலான மனச்சோர்விலோ தன்னைத் துன்புறுத்திக்கொள்வதிலோ கூடுதல் அபாயம் காணப்படவில்லை. மருந்து உட்கொள்ளும் பெரும்பாலோருக்கு இத்தகைய தொல்லை எதுவும் வருவதில்லை. மேலும், மூச்சுக்காகப் போராடும் நோயே கவலையையும் மனச்சோர்வையும் கொண்டுவரும். எனவே இன்ன இரவின் அலறலுக்கு இன்ன மாத்திரையே காரணம் என்று அறுதியிட்டுக் கூறுவது எளிதன்று. ஆனால், மருத்துவமனை வாசலையே மிதிக்காத ஒரு குழந்தையின் கெட்ட கனவை மருத்துவமனைக் கணக்கு எப்படிக் காட்டும்? அதனைக் காணக்கூடியவர், அருகில் படுத்திருக்கும் தாய் ஒருவரே.

செயலும் பொறுப்பும்

எம் பங்கில் நிகழ்ந்த ஒன்றை, அக்குடும்பத்தின் இசைவோடு இங்கே குறிப்பிடுகிறோம். பதினொரு வயதுச் சிறுவன். இழுப்பு நோய்க்கு மருந்து உட்கொண்டுவந்தான். சில வாரங்களாக இரவில் அலறி எழுந்தான். பகலில் தங்கையை அடித்தான். வகுப்பில் நோட்டுப் புத்தகங்களைக் கிழித்தான். "சாமி, இவன் என் பிள்ளை மாதிரியே இல்லை; நீங்கள்தான் புத்தி சொல்ல வேண்டும்" என்றார் தாய். 'ஏதோ அண்டிவிட்டது' என்றார் பாட்டி. 'வளர்ப்பு சரியில்லை' என்றார் ஆசிரியர். நம் மருந்தகத்தில் பணிபுரியும் அருட்சகோதரிதான் எவரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்: "என்ன மாத்திரை கொடுக்கிறீர்கள், அம்மா? எப்போதிலிருந்து?" இரவில் மாண்டெலுகாஸ்ட் தொடங்கியதும் இந்த மாற்றமும் ஏறக்குறைய ஒரே வாரத்தில் நிகழ்ந்தன என்பது அப்போதுதான் தெரிந்தது. மருத்துவரிடம் சொன்னார்கள். அவர் பொறுமையாகக் கேட்டு, அம்மாத்திரையை நிறுத்தி, இன்ஹேலர் முறைக்கு மாற்றினார். இரண்டு வாரங்களில் இரவுகள் அமைதியாயின.

அதன்பின் ஒருநாள் பங்கு இல்லத்துத் திண்ணையில், தாயின் முன்னிலையிலேயே அச்சிறுவன் எம்மிடம் கேட்டான்: "அப்படியானால் நான் தங்கச்சியை அடித்தது பாவம் இல்லையா, சாமி?"

குருமடத்தில் பல்லாண்டு பயின்ற அறநெறி இறையியல் முழுவதும் அந்த ஒற்றைக் கேள்வியில் அடங்கியிருந்தது. மனிதன் அறிந்தும் விரும்பியும் செய்யும் செயலை 'மானிடச் செயல்' என்றும், அறிவும் விருப்பமும் இன்றி அவனில் நிகழ்வதை 'மனிதனில் நிகழும் செயல்' என்றும் அறநெறியாளர் பிரிப்பர். முந்தியதே புகழுக்கும் பழிக்கும் உரியது. புனித தோமா அக்குவினாஸ், உணர்ச்சி மேலீட்டால் செய்யப்படும் குற்றத்தைப் பற்றிப் பேசும்போது மேலும் நுட்பமாகப் பிரிக்கிறார். அந்த உணர்ச்சி நாமே விரும்பி வரவழைத்ததாயின் பொறுப்பு நம்மை விட்டு நீங்காது. நோய் போன்ற, நம் விருப்பத்துக்கு உட்படாத காரணத்தால் அது எழுந்து, பகுத்தறிவை முற்றிலும் பறித்துவிட்டதாயின், குற்றம் முழுமையாக நீங்கும். ஓரளவே பறித்திருந்தால் குற்றம் ஓரளவே குறையும். 13-ஆம் நூற்றாண்டில் மாண்டெலுகாஸ்ட் இல்லை. ஆயினும் உடலின் கோளாறு அறிவின் பணியைத் தடுக்கும் என்பதை அவர் தெளிவாகக் கண்டிருந்தார். ஆன்மா உடலோடு இணைந்தே எண்ணுகிறது என்பது அவர் கொள்கை. ஆகவே ஒரு மாத்திரை மனநிலையை மாற்றுவதைக் கண்டு நம் சமயநம்பிக்கை நடுங்க வேண்டியதில்லை.

அவர் செய்த பிரிவை விளக்க ஒரு திரைப்படமும் நினைவுக்கு வருகிறது. 1956-இல் நிக்கோலஸ் ரே இயக்கிய 'பிக்கர் தேன் லைஃப்' என்னும் அமெரிக்கப் படம். இரத்தக் குழாய் நோயுற்ற ஒரு பள்ளி ஆசிரியருக்குக் கார்ட்டிசோன் உயிர்ப்பிச்சை அளிக்கிறது. அது தரும் உற்சாகத்தில் மயங்கி, மருத்துவர் சொன்ன அளவை மீறி அவரே மாத்திரைகளை விழுங்குகிறார். தாம் எல்லாரினும் பெரியவர் என்ற செருக்கு வளர்கிறது. இறுதியில், ஆபிரகாம் மகனைப் பலியிட முனைந்த வரலாற்றைப் படித்துவிட்டு, தம் மகனையே கொல்லத் துணிகிறார். கடவுள் ஆபிரகாமைத் தடுத்தாரே என்று மனைவி நினைவூட்டும்போது, தடுத்தது கடவுளின் தவறு என்கிறார்! இவர் பொறுப்பாளியா? கொல்லத் துணிந்த வேளையில் இவரிடம் அறிவு இல்லை. ஆனால் அளவை மீறி விழுங்கிய வேளையில் இருந்தது. வரும் விளைவின் முழு அளவை அவர் அன்று அறிந்திருக்கவில்லை. எனவே அந்தப் பொறுப்பும் அரைகுறையானதே. மருத்துவர் எழுதியதை எழுதியபடி, அதுவும் தாய் கையால் வாங்கி விழுங்கிய பதினொரு வயதுச் சிறுவனிடம் அந்த அரைப் பொறுப்பும் இல்லை.

ஆகவே, "இல்லை, தம்பி. அது பாவம் இல்லை" என்றே விடையளித்தோம். அவன் தலையசைத்தான். ஆனால் அதோடு விடவில்லை. "இருந்தாலும் அவளுக்கு வலித்ததே" என்றான். அன்று மாலை தன் வண்ணப் பென்சில் பெட்டியைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டான் என்று பின்னர் அறிந்தோம்.

ஆங்கிலேய மெய்யியலார் பெர்னார்டு வில்லியம்ஸ் 1976-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் ஒரு லாரி ஓட்டுநரைப் பற்றிப் பேசுகிறார். தன் தவறு சிறிதும் இல்லாமல் ஒரு குழந்தையின்மேல் வண்டியை ஏற்றிவிட்ட ஓட்டுநர், அருகில் நின்று பார்த்தவரைப் போல வெறுமனே இரங்கிவிட்டுப் போய்விட மாட்டார், போகவும் கூடாது. குற்றம் இல்லாத இடத்திலும் ஈடுசெய்யும் விருப்பம் இருக்கலாம் என்பது இதன் கருத்து. அந்தச் சிறுவனுக்கு இதைக் கற்பிக்க எவரும் தேவைப்படவில்லை. பழியை அவன்மேலிருந்து இறக்கிவைத்த பிறகும் அன்பு அவனிடம் குறையவில்லை. 'மருந்துமேல் பழிபோட்டால் பிள்ளை பொறுப்பற்றவனாகிவிடுவான்' என்று அஞ்சும் பெற்றோருக்கு இதைவிட நல்ல ஆறுதல் வேண்டுமோ?

தற்கொலை எண்ணத்தைப் பற்றியும் ஒரு சொல் கூறியாக வேண்டும். 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, அறிந்தே தற்கொலை செய்துகொண்டவர்களுக்குத் திருச்சபை அடக்கச் சடங்கை மறுத்தது. 1983-ஆம் ஆண்டின் தொகுப்பு அப்பட்டியலில் அவர்களைச் சேர்க்கவில்லை. 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, கடும் உளக் கோளாறு தற்கொலை செய்பவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்று தெளிவாகவே கற்பிக்கிறது. எங்கிருந்து வருகிறது என்று தெரியாத இருள் ஒருவரைச் சூழும்போது, 'நான் தீயவன்' என்று அவர் எண்ணிக்கொள்வது இயல்பு. 'இந்த எண்ணம் உன்னுடையதாக இல்லாமலும் இருக்கலாம். மருத்துவரிடம் இன்றே சொல்வோம், வா' என்று கூறக்கூடிய ஒருவர் அப்போது அருகில் இருப்பது, ஓர் உயிரைக் காக்கும்.

கூறுவதும் கேட்பதும் கடமை

பொறுப்பு நோயாளியிடமிருந்து நீங்குமானால் அது எங்கே செல்கிறது? காற்றில் கரைந்துவிடுகிறதா? இல்லை, அறிந்தவர்களிடம் செல்கிறது.

இரட்டை விளைவு நெறி என்று அறநெறி இறையியலில் ஒன்று உண்டு. ஒரே செயலிலிருந்து நன்மையும் தீமையும் விளையும்போது அச்செயலைச் செய்யலாமா என்பதை அது ஆராய்கிறது. செயல் தன்னிலே தீயதாய் இருத்தலாகாது; தீய விளைவை விரும்புதலாகாது; தீமையின் வழியாக நன்மையைத் தேடுதலாகாது; தீமையைத் தாங்குவதற்கு ஏற்ற அளவு நன்மை இருத்தல் வேண்டும். முதல் மூன்றில் எந்த மருத்துவரும் தவறுவதில்லை. நான்காவதில்தான் சிந்தனை தேவை. மூச்சு நின்றுபோகும் அளவுக்குக் கடுமையான ஈளைநோயில், சில இரவுகளின் கெட்ட கனவு தாங்கத்தக்க விலையாக இருக்கலாம். வெறும் தும்மலுக்கும் மூக்கொழுகலுக்கும் அதே விலையைக் கொடுக்கலாமா? ஒவ்வாமையால் வரும் லேசான மூக்கொழுகலுக்கு, வேறு மருந்துகள் பயனளிக்காதபோதோ ஒத்துக்கொள்ளாதபோதோ மட்டுமே மாண்டெலுகாஸ்டைக் கொடுக்க வேண்டும் என்று 2020-இல் அமெரிக்க நிர்வாகம் கூறியதில் இந்த நான்காம் விதியே ஒலிக்கிறது. நம் நாட்டிலோ, லெவோசெட்ரிசினோடு சேர்த்து ஒரே மாத்திரையாக்கப்பட்ட இம்மருந்து, சாதாரண சளிக்கும் தாராளமாக எழுதித் தரப்படுகிறது. மருத்துவரைக் காணாமலே, பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கிக்கொள்வோரும் உண்டு.

'பக்க விளைவைச் சொன்னால் மக்கள் பயந்து மருந்தையே நிறுத்திவிடுவார்கள்' என்று சில மருத்துவ நண்பர்கள் கூறுவதுண்டு. இந்தக் கவலை பொய்யன்று. உலகில் ஈளைநோயால் நிகழும் இறப்புகளில் பெரும் பங்கு இந்தியாவில் நிகழ்கிறது. மருந்தை இடையில் விட்டுவிடுவதும் அதற்கு ஒரு காரணம். 'பழகிப்போய்விடும்', 'பெண்ணுக்கு வரன் அமையாது' என்றெல்லாம் அஞ்சி இன்ஹேலரை மறைத்து வைக்கும் இல்லங்கள் நம்மிடையே உள்ளன. இதில் ஒரு வேதனையான முரண் இருக்கிறது. நுரையீரலுக்கு மட்டும் சிறிதளவே செல்லும் மருந்தைக் கண்டு வெட்கப்பட்டு, உடல் முழுவதும் பரவும் மாத்திரையைத் தயக்கமின்றி விழுங்குகிறோம்!

ஆனால் மக்கள் அஞ்சுவார்கள் என்பதற்காக உண்மையை மறைத்தால் என்ன நேரும்? மருந்தின் விளைவைப் பிள்ளையின் குணம் என்று தாய் எண்ணுவார். ஆசிரியர் பிரம்பை எடுப்பார். பாட்டி மந்திரிக்க அழைத்துச் செல்வார். மறைக்கப்பட்ட உண்மையின் விலையை இறுதியில் கொடுப்பது அந்தக் குழந்தையே. மாறாக, "இது நல்ல மருந்து. சிலருக்கு மட்டும் தூக்கத்தையோ மனநிலையையோ பாதிக்கலாம். அப்படி ஏதும் கண்டால் உடனே வாருங்கள், வேறு வழி இருக்கிறது" என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். இந்த மூன்று வாக்கியங்கள் யாரையும் மருந்திலிருந்து விரட்டுவதில்லை. தாங்களாகவே மருந்தை நிறுத்தாமல், தொல்லை வந்தால் மருத்துவரிடம் திரும்பிவரும் துணிவையே அவை தருகின்றன. நீண்ட நாள் உட்கொண்ட ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து என்பதையும் அந்த ஒரு நிமிடத்திலேயே சொல்லிவிடலாம்.

கேட்க வேண்டிய கடமை நமக்கும் உண்டு. யோபுவின் நண்பர்களை நாம் அறிவோம். துன்புறும் மனிதரின் அருகில் அமர்ந்து, 'உன்னிடம் ஏதோ பாவம் இருக்க வேண்டும்' என்று அவர்கள் நீண்ட நேரம் வாதாடினார்கள். இறுதியில் இறைவன் சினந்தது யோபுவின்மேல் அன்று, அந்த நண்பர்கள்மேல். பிறருடைய துன்பத்துக்கு அவருடைய குணத்திலே காரணம் தேடும் அவசரம் நம் எல்லாரிடமும் இருக்கிறது. குணத்தைக் கண்டிக்குமுன் உறக்கத்தைப் பற்றி விசாரிப்போம். உறக்கத்தோடு உட்கொள்ளும் மருந்தையும் விசாரிப்போம். அறிவுரை கேட்டு அருட்பணியாளரிடம் வருபவர்களுக்கும் இது பொருந்தும். அறிவுரை கூறும் அருட்பணியாளர்களுக்கு இன்னும் மிகுதியாகப் பொருந்தும்.

வள்ளுவர் மருந்துக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார். அதன் முடிவில் அவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாக எண்ணுகிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, நோயாளியின் அருகிருந்து கவனிப்பவர். முதல் மூன்றையும் நாம் அறிவோம், நான்காமவரை மறந்துவிடுகிறோம். மருந்து எழுதியவர் மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறார். அருகிருப்பவரோ இரவும் பகலும் பார்க்கிறார். நேற்று வரை சிரித்த முகம் இன்று சிரிக்கவில்லை என்பதை எந்தக் கருவியும் அவருக்கு முன் கண்டுபிடிப்பதில்லை. அந்த நான்காமவர் தாயாக இருக்கலாம். விடுதிக் காப்பாளராக, வகுப்பாசிரியராக, அடுத்த வீட்டு அக்காவாக இருக்கலாம். வாசகர்களாகிய நாமாகவும் இருக்கலாம். அவர் கண்டதை மருத்துவரிடம் சொல்லட்டும். மருத்துவர் அதைச் செவிமடுத்துக் கேட்கட்டும். அதுவரை, பிள்ளையின்மேல் தீர்ப்பு எழுதாமல் நாம் பொறுத்திருப்போம்.